லால்பாக்ல கண்ணாடி மாளிகை தவிர பாக்க என்ன இருக்கு?

சேலத்துல இருந்து அப்பா அம்மாவைக் கூட்டிட்டு பெங்களூர் வர்றீங்க, கையில அரை நாள் இருக்கு, ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் ஏற்கனவே பாத்தாச்சு அப்புறம் லால்பாக் எதுக்குன்னு வீட்ல கேக்குறாங்க, அதைக் கட்டினது ஹைதர் அலியா வெள்ளைக்காரனான்னு அப்பாவுக்கும் மாமாவுக்கும் வாக்குவாதம், மலர்க் கண்காட்சி சமயத்துல வந்தா நல்லதா, அங்க செடி வாங்கி பஸ்ல கொண்டு போகலாமா, இதெல்லாம்தான் நீங்க கேட்டது. ஆனா எல்லாத்தையும் சேத்துப் பாத்தா நீங்க கேக்குறது ஒன்னே ஒன்னுதான்: கண்ணாடி மாளிகை முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டு வர்றதுக்கு மேல அந்த இடத்துல ஏதாவது இருக்கா இல்லையா. இருக்கு, நிறைய இருக்கு, ஆனா எங்க பாக்கணும்னு தெரியாம போனா அது வெறும் பெரிய பார்க்காத்தான் தெரியும், அதுல சந்தேகமே இல்ல.

நான் தோட்டக்கலை படிச்சவன், பெங்களூர்ல நர்சரி, லேண்ட்ஸ்கேப் வேலைன்னு பல வருஷமா பொழப்பு ஓடுது. மரம், செடி, மண்ணுன்னா தைரியமா பேசுவேன். சரித்திரத்துல நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டவன் மட்டும்தான், ஆராய்ச்சியாளர் கிடையாது, அதனால எது எழுத்துல இருக்கு எது ஊர்ப் பேச்சுன்னு பிரிச்சே சொல்லிடறேன்.

முதல்ல அந்த வாக்குவாதத்தை முடிச்சு வைப்போம். அப்பாவும் சரி மாமாவும் சரி. 1760ல ஹைதர் அலிதான் ஆரம்பிச்சார், சுமாரா 40 ஏக்கர்ல. தும்கூர் பக்கத்துல சிராங்கிற ஊர்ல முகலாய சுபேதார் ஒருத்தர் போட்ட தோட்டம் இருந்துது, அதைப் பாத்துதான் இதை அமைச்சார்னு சொல்றாங்க. அப்பா ஆரம்பிச்சதை மகன் திப்பு விரிவாக்கினார், பாரசீகம், காபூல், துருக்கி, மொரீஷியஸ்னு எங்கெங்க இருந்தோ விதையும் கன்னும் வரவழைச்சார். 1799ல திப்பு இறந்து, மறு வருஷம் கிழக்கிந்தியக் கும்பெனி அனுப்பி பிரான்சிஸ் புக்கனன்னு ஒரு டாக்டர் மெட்ராஸ்ல இருந்து கிளம்பி மைசூர் நாடு முழுக்க சுத்திப் பாத்துக் குறிப்பு எழுதினார், அவர் பெங்களூர் தோட்டத்தைப் பத்தியும் எழுதி வச்சிருக்கார். சதுரம் சதுரமா பாத்தி, நடுவுல நடைபாதை, பாதை ஓரமா சைப்ரஸ் மரம், ஒரு சதுரம் முழுக்க ரோஜா மட்டும், இன்னொரு சதுரம் முழுக்க மாதுளை மட்டும், திராட்சை நல்லா வருது, ஆப்பிளும் பீச்சும் கூட காய்க்குதுன்னு. இது கண்ணால பாத்தவர் எழுதினது, அதனால இதுல பெரிசா சந்தேகப்பட ஒன்னுமில்ல. அந்த சைப்ரஸ் மரங்களை வச்சே வெள்ளைக்காரங்க கொஞ்ச காலம் இதை சைப்ரஸ் தோட்டம்னு கூப்பிட்டிருக்காங்க.

இப்ப நீங்க போனா அந்த சதுரப் பாத்தி எதுவும் இருக்காது. திப்பு காலத்து மாமரம்னு ஒன்னைக் காட்டுவாங்க. மா மரம் இருநூறு வருஷத்துக்கு மேல நிக்கிறது நடக்கிற விஷயம்தான், ஆனா திப்பு கையாலயே நட்டார்ங்கிறதெல்லாம் கைடு சொல்ற கதைன்னு வச்சுக்கோங்க.

திப்புவுக்கு அப்புறம் கொஞ்ச காலம் தோட்டம் கை மாறிக்கிட்டே இருந்துது, கல்கத்தா பொட்டானிக்கல் கார்டன் மேற்பார்வையில எல்லாம் இருந்துச்சு. அந்தப் பகுதியை வேகமா தாண்டிடலாம், ஏன்னா பெரிசா ஒன்னும் நடக்கல. 1856லதான் இது முறையா அரசு தாவரவியல் தோட்டமா ஆகுது. அதுக்கு யோசனை சொன்னவர் ஹியூ கிளெக்ஹார்ன், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில தாவரவியல் சொல்லிக் கொடுத்தவர், அப்புறம் மெட்ராஸ் மாகாணத்தோட முதல் வனப் பாதுகாவலர் ஆனார். அவர் சொன்னதோட சாரம் என்னன்னா, இது ராஜா உலாத்துற இடமா இருக்கக்கூடாது, வெளியூர் செடிகளைக் கொண்டு வந்து இந்த மண்ணுக்குப் பழக்கி, தேறினதை ஜனங்களுக்குக் கொடுக்குற இடமா இருக்கணும். இதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டு உள்ள நடந்தீங்கன்னா லால்பாக் வேற மாதிரி தெரியும். ஒவ்வொரு மரமும் எங்கிருந்தோ வந்து இங்க பரீட்சை எழுதி பாஸானது. பாஸாகாததெல்லாம் உங்க கண்ணுலயே படாது.

இந்த இடத்துல ஊட்டியோட ஒப்பிடலாம். ஊட்டி தோட்டம் 1848ல மக்கைவர்னு லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துல வேலை பாத்தவர் வந்து தொட்டபெட்டா சரிவுல உருவாக்கினது. உயரம் 2,200 மீட்டருக்கு மேல, குளிர், அங்க இங்கிலாந்துச் செடி சந்தோஷமா வளரும், நம்ம சமவெளி மரம் ஒன்னும் தங்காது. பெங்களூர் 900 மீட்டர் சொச்சம். சேலத்து வெயிலும் கிடையாது, ஊட்டி பனியும் கிடையாது. இந்த ரெண்டுங்கெட்டான் சீதோஷ்ணம்தான் லால்பாக்கோட சொத்தே. அமேசான் காட்டு மரமும் ஆஸ்திரேலிய மரமும் ஆப்பிரிக்க மரமும் நம்ம அசோகமும் ஒரே வேலிக்குள்ள நிக்க முடியறது அதனாலதான். ஊட்டிக்கு புல்தரைக்கும் பூப்பாத்திக்கும் போங்க, அதுல ஊட்டியை அடிச்சுக்க ஆள் இல்ல. லால்பாக்குக்கு மரத்துக்காகப் போங்க.

கிளெக்ஹார்னுக்கு அப்புறம் கியூல இருந்து 1858ல வில்லியம் நியூ தோட்டத்துக்குப் பொறுப்பாளரா வந்தார், அவருக்கு அப்புறம் 1874ல ஜான் கேமரன். இந்த கேமரன் முப்பது வருஷத்துக்கு மேல இருந்தவர், தோட்டத்தை நூறு ஏக்கர் தாண்டி விரிச்சவரும் அவர்தான். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் மாதிரி அப்ப சீமைக் காய்னு சொன்னதையெல்லாம் சுத்துப்பட்டு விவசாயிகள் கிட்ட பரப்பினதுல லால்பாக்குக்கு பெரிய பங்கு உண்டு. நீங்க கூட்டுல போடுற சௌசௌ இருக்கே, அதுவும் மெக்சிகோ பக்கத்துக் கொடிதான், அது இங்க பரவினதே லால்பாக் வழியாத்தான்னு பரவலா சொல்றாங்க. நம்ம ஊர்ல பழைய ஆளுங்க இன்னும் அதை பெங்களூர் கத்தரிக்காய்னுதானே சொல்றாங்க, அதனால எனக்கு நம்பத் தோணுது, ஆனா ஆவணத்தைக் காட்டி அடிச்சுச் சொல்ற அளவுக்கு நான் பாத்ததில்ல. கேமரன் காலத்துல செலுவய்ய ராஜுன்னு ஒரு ஓவியர் தோட்டத்துலயே வேலை பாத்து செடிகளை அச்சு அசலா வரைஞ்சிருக்கார், அந்தப் படங்கள் அங்க நூலகத்துல இருக்கு. சாதாரணமா எல்லாருக்கும் எடுத்துக் காட்ட மாட்டாங்க, அதனால அதுக்காகப் போய் ஏமாறாதீங்க.

கண்ணாடி மாளிகையும் கேமரன் காலத்துதான். 1889 நவம்பர் 30 அன்னிக்கு விக்டோரியா மகாராணியோட பேரன் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டினார், லண்டன் கிரிஸ்டல் பேலஸைப் பாத்து எடுத்த யோசனை, இரும்புச் சட்டம் எல்லாம் ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ நகரத்து சாரசென் ஃபவுண்டரியில வார்த்து கப்பல்ல வந்தது. இப்ப நீங்க பாக்குறது முழுக்க அப்ப கட்டினது இல்ல, 1935ல கிழக்குப் பக்கமா நீட்டினாங்க, கண்ணாடியை எல்லாம் அப்புறம் மாத்தியிருக்காங்க. கூட்டம் இல்லாத நாள்ல போனா உள்ள ஒன்னுமே இருக்காது, காலியா தரை மட்டும்தான், அதைப் பாத்துட்டு இவ்ளோதானான்னு பலர் திரும்பிடுவாங்க. ஆனா காலியா இருக்கும்போதுதான் அந்த இரும்பு வேலை கண்ணுக்குப் படும். தூணுங்க எவ்வளவு ஒல்லின்னு பாருங்க, அதுக்கு மேல வளைவுகள்ல போட்டிருக்கிற பூ வேலையைப் பாருங்க, அவ்வளவு பெரிய கூரையை இந்த ஒல்லித் தூணுங்க தாங்கிட்டு நூத்து முப்பது வருஷமா நிக்குது. முதல்ல இதோட வேலை வெளிநாட்டுச் செடிகளைக் காத்து மழை படாம வச்சுப் பழக்குறது. இப்ப கண்காட்சி மண்டபம்.

அந்தக் கண்காட்சி விஷயத்தையும் இங்கேயே சொல்லிடறேன். வருஷத்துக்கு ரெண்டு தடவை, குடியரசு தினத்தை ஒட்டி ஜனவரியில, சுதந்திர தினத்தை ஒட்டி ஆகஸ்ட்ல. பூவால கோபுரம் கட்டுவாங்க, அரண்மனை கட்டுவாங்க, சுத்தி லட்சக்கணக்குல பூ. வேலைப்பாடு பிரமாதமா இருக்கும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா உங்களுக்கு என் பதில் வேண்டாம்ங்கிறதுதான். அப்பா அம்மா வயசானவங்க, லீவு நாள்ல அந்தக் கூட்டத்துல மாளிகைக்குள்ள நீங்க நடக்க மாட்டீங்க, கூட்டமே உங்களை நகத்திட்டுப் போகும், நின்னு பாக்க முடியாது, வெளிய வந்தா ஆட்டோ கிடைக்காது. அதுவுமில்லாம அந்த நாள்கள்ல மொத்த ஜனமும் மாளிகையைச் சுத்தியே இருக்கும், மரங்களைப் பாக்குற மனநிலையே வராது. பூக்கண்காட்சிதான் வேணும்னா வார நாள்ல காலையில முதல் ஆளா போங்க, அப்பவும் மத்ததை இன்னொரு நாளைக்கு வச்சுக்கோங்க.

கேமரனுக்கு அப்புறம் 1908ல வந்தவர்தான் எனக்குப் பிடிச்ச ஆள், குஸ்தாவ் ஹெர்மன் க்ரும்பீகல். ஜெர்மனியில ட்ரெஸ்டன் பக்கத்துக்காரர், கியூல வேலை பாத்துட்டு பரோடா மகாராஜா கிட்ட வந்து, அங்கிருந்து மைசூர் சமஸ்தானத்துக்கு வந்தார். ஜெர்மன்காரர்ங்கிறதால உலகப்போர் சமயத்துல காவல்ல வச்சாங்க, அப்பவும் இந்த ஊரை விட்டுப் போகல, 1956ல பெங்களூர்லயே இறந்தார், கல்லறையும் ஓசூர் ரோட்டுல இருக்கு. தெருவுக்கு மரம் நடும்போது வருஷத்துல எல்லா மாசமும் ஏதாவது ஒரு தெரு பூத்துக்கிட்டே இருக்கணும்னு திட்டம் போட்டவர் அவர்னு சொல்வாங்க. ஜனவரி, பிப்ரவரியில ரோஸ் கலர் டபேபுயா, அதை ஒட்டியே மஞ்சள் டபேபுயா, மார்ச்சுல ஜகரண்டா ஊதா, ஏப்ரல் மேல குல்மொஹர் சிவப்பு, கூடவே பெருங்கொன்றை மஞ்சள். இந்த வரிசை இன்னிக்கும் பெங்களூர்ல கண் முன்னாடி நடக்குது. ஆனா நீங்க பாக்குற ஒவ்வொரு டபேபுயாவையும் அவர் கணக்குல எழுதுறது தப்பு, அதுல பெரும்பாலானது பின்னாடி, எண்பதுகள்ல வனத்துறை நட்டது. யோசனை பழசு, மரம் புதுசு, அப்படி வச்சுக்கிட்டா சரி. மைசூர் பிருந்தாவன் தோட்டத்துக்கும் அவர் கை உண்டு.

அவருக்கு அடுத்து 1932ல ஜவராயா, இந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். அப்புறம் 1951ல இருந்து மரிகவுடா, ஹார்வர்டுல டாக்டர் பட்டம் வாங்கிட்டு வந்தவர், தோட்டத்தை 240 ஏக்கருக்கு கொண்டு வந்தவர். கர்நாடகத்துல தோட்டக்கலைத் துறைன்னு ஒன்னு இன்னிக்கு கிராமம் வரைக்கும் நர்சரி, பண்ணைன்னு நிக்குதுன்னா அவர் போட்ட அஸ்திவாரம். ராஜா, நவாபு, வெள்ளைக்காரன்னு பேசிட்டே போறவங்க இந்த ரெண்டு பேரையும் விட்டுடறாங்க, அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஏன்னா தொழில்ல இருக்கிற எங்களுக்கு மரிகவுடா பேருதான் முதல்ல வரும்.

பேர் தெரியாத இன்னொரு கூட்டமும் உண்டு, அது நம்ம பக்கத்தோட சம்பந்தப்பட்டது. பெங்களூர்ல திகளர்னு ஒரு சமூகம், தோட்ட வேலையில கைதேர்ந்தவங்க, காய்கறி, பூ, நாத்து எல்லாம் அவங்க கைப்பக்குவம். அவங்கள்ல பல குடும்பத்துல வீட்ல பேசுறது தமிழும் கன்னடமும் கலந்த ஒரு பேச்சு. லால்பாக்கை உருவாக்க ஹைதர் அலிதான் அவங்களைத் தமிழ்ப் பக்கத்துல இருந்து கூட்டிட்டு வந்தார்னு ஒரு கதை பலமா இருக்கு. அதுக்கு முன்னாடி, பெங்களூரை உருவாக்கின கெம்பேகவுடா காலத்துலேயே அவங்க இங்க இருந்தாங்கன்னு இன்னொரு கட்சி. ரெண்டுல எது சரின்னு தீர்ப்பு சொல்றது என் வேலை இல்ல. உறுதியா தெரியறது என்னன்னா, சித்திரா பௌர்ணமியை ஒட்டி தர்மராயசுவாமி கோயில்ல நடக்கிற பெங்களூர் கரகம் அவங்க திருவிழா, தெய்வம் திரௌபதி. செஞ்சி, திருவண்ணாமலைப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் தீமிதி பாத்தவங்களுக்கு இந்தத் தொடர்பு எங்க போய் நிக்குதுன்னு சொல்லித் தர வேண்டியதில்ல. எனக்கு ஒட்டுக்கட்டுற வேலையை முதன்முதலா சொல்லிக் கொடுத்த பெரியவர் ஒரு திகளர்தான். காலேஜ்ல டயக்ராம் போட்டுப் படிச்சதை அவர் பேனாக் கத்தியும் வாழை நாரும் வச்சு செஞ்சு காட்டுவார், பட்டையும் பட்டையும் எங்க பொருந்தணும்னு கட்டை விரலாலயே தடவிப் பாத்துச் சொல்வார்.

சரி, உள்ள எதைப் பாக்குறது. மெயின் கேட் பக்கமா நுழைஞ்சா முதல்ல பாறைக்குப் போங்க. ஜனங்க மேல ஏறி கெம்பேகவுடா கோபுரத்தைப் பாத்துட்டு, ஊர் எல்லை இதுதான்னு நாலு திசையில நாலு கோபுரம் கட்டினார், அதைத் தாண்டி ஊர் வளராதுன்னு நினைச்சார்னு கதை கேட்டுட்டு இறங்கிடுவாங்க. நாலு கோபுரம் இருக்கிறது நிஜம், கட்டினது முதல் கெம்பேகவுடாவா அவர் மகனான்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. ஆனா கோபுரம் நேத்து வந்தது, காலுக்குக் கீழ இருக்கிற பாறையைப் பாருங்க. அதுக்கு வயசு சுமார் 300 கோடி வருஷம். இமயமலை எழும்ப ஆரம்பிச்சதே 5 கோடி வருஷம் முன்னாடிதான், டைனோசர் போய்ச் சேர்ந்தது 6.6 கோடி வருஷம் முன்னாடி. தீபகற்ப நைஸ்னு இதுக்குப் பேரு, தென்னிந்தியாவுக்கே அடித்தளம் இதுதான், மைசூர் சமஸ்தானத்து நிலவியல் துறையில இருந்த ஸ்மீத் வச்ச பேரு. இந்திய நிலவியல் துறை இதை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமா அறிவிச்சு பலகை வச்சிருக்கு. குனிஞ்சு பாத்தீங்கன்னா கருப்பும் வெளுப்புமா பட்டை பட்டையா ஓடும், சில இடத்துல அந்தப் பட்டை நேரா போகாம மடிஞ்சு வளைஞ்சு திரும்பியிருக்கும். பூமிக்கு ரொம்ப ஆழத்துல, பயங்கர சூட்டுலயும் அழுத்தத்துலயும் கல்லு இளகி மடிஞ்ச அடையாளம் அது, மேல இருந்ததெல்லாம் கோடிக்கணக்கான வருஷமா கரைஞ்சு போனதால இப்ப வெளிய தெரியுது. வெயில் ஏறினா பாறை சுடும், மழை பெஞ்சிருந்தா வழுக்கும், அதனால அம்மாவை ஏத்துறதுன்னா காலையிலேயே ஏத்திடுங்க. சரிவு மெதுவாத்தான் இருக்கும், படிக்கட்டு மாதிரி முட்டியை வாங்காது.

பாறையில இருந்து இறங்கினதும் கல்லாப் போன மரம் ஒன்னு இருக்கு, விசாரிச்சுப் பாருங்க, 2 கோடி வருஷம் பழசு, விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில இருந்து வந்தது. திருவக்கரை வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போறவங்க பக்கத்துலேயே இருக்கிற கல்மரப் பூங்காவை எட்டிக் கூட பாக்க மாட்டாங்க, இங்க வந்து டிக்கெட் எடுத்துப் பாப்பாங்க, அது நம்ம ராசி. ஊட்டி தோட்டத்துலயும் ஒரு கல்மரம் உண்டு, நீங்க பாத்திருப்பீங்க.

மரங்கள்ல முதல்ல அந்தப் பெரிய இலவ மரம். யாரைக் கேட்டாலும் வழி காட்டுவாங்க. தலையணைக்குப் பஞ்சு எடுக்குற அதே இலவம்பஞ்சு மரம்தான், நம்ம ஊர்ல ஒல்லியா நெட்டையா நிக்கிறதைத்தான் பாத்திருப்போம், இதுக்கு இருநூறு வயசு இருக்கும்னு கணக்கு. அடிமரத்துல இருந்து வேர் சுவர் மாதிரி எழும்பி நாலா பக்கமும் ஓடும், ஆள் நின்னா மறையற உயரம். இவ்வளவு பெரிய மரத்துக்கு ஆணிவேர் ஆழமா போய் தாங்குதுன்னு நினைப்போம், அப்படி இல்ல, மழைக்காட்டு மரங்களுக்கு வேர் பெரும்பாலும் மேல் மண்ணுலேயே பரவும், அதனால காத்துல சாயாம இருக்க இந்தப் பலகை வேர்தான் முட்டுக் கொடுக்குது. வேர் மேல ஏறி போட்டோ எடுக்க விடமாட்டாங்க, எடுக்கவும் வேண்டாம், மிதிச்சு மிதிச்சு மண்ணு கெட்டிப்பட்டா வேருக்கு மூச்சு முட்டும்.

அடுத்தது அரௌகேரியா, கிறிஸ்துமஸ் மரம்னு எல்லாரும் சொல்றது, ஆஸ்திரேலியா பக்கத்து, பசிபிக் தீவுப் பக்கத்து மரம். இதுல குக் பைன்னு ஒரு வகை, ஒல்லியா ஒட்டடைக் கம்பு மாதிரி உயரமா போகும். அதை நேரா நின்னு பாத்தா லேசா சாஞ்சிருக்கும். காத்தடிச்சு சாஞ்சது இல்ல. உலகத்துல எங்க நட்டாலும் இந்த மரம் பூமத்திய ரேகை பக்கமா சாயுதுன்னு 2017ல ஆராய்ச்சியாளர்கள் அளந்து சொல்லியிருக்காங்க, நம்ம பக்கம்னா தெற்கு நோக்கி. மொபைல்ல காம்பஸைத் திறந்து வச்சு நீங்களே சரி பாருங்க, பசங்க கூட வந்தா அவங்களுக்கு இது ஒன்னு போதும் பொழுது போக. ஏன் சாயுதுங்கிறதுக்கு முடிவான விடை இன்னும் வரல, வெளிச்சத்தைத் தேடிப் போகுதுன்னு ஒரு ஊகம் இருக்கு, அவ்வளவுதான்.

நாகலிங்க மரம் பாத்தா அம்மா கும்பிடுவாங்க, கும்பிடட்டும். நம்ம சிவன் கோயில்ல எல்லாம் இருக்கிறதால இது ஆதிகாலத்துல இருந்து நம்ம மரம்னு நினைப்போம், ஆனா பொறந்த இடம் தென் அமெரிக்கா. பூ கிளையில பூக்காம அடிமரத்துல இருந்தே தனியா தொங்குற கொம்புல பூக்கும், கீழ பீரங்கிக் குண்டு மாதிரி காய், பழுத்து விழுந்து உடைஞ்சா நாத்தம் தாங்காது, அதனால கீழ நிக்காம தள்ளி நில்லுங்க. ஆப்பிரிக்காவுல இருந்து வந்த கிகேலியா ஒன்னு, கயித்துல சுரைக்காய் கட்டித் தொங்கவிட்ட மாதிரி காய்க்கும், பூ ராத்திரியில விரியும், அதோட சொந்த ஊர்ல வௌவால்தான் மகரந்தம் கடத்தும். அசோகம்னு பேர்ப்பலகை போட்ட மரத்தையும் தேடிப் பாருங்க, நம்ம ஸ்கூல்லயும் கல்யாண மண்டபத்துலயும் காம்பவுண்ட் ஓரமா நெட்டுக்குத்தா நிக்கிறது அசோகம் இல்ல, அது நெட்டிலிங்கம். நிஜ அசோகம் அகலமா நிழல் கொடுத்து, ஆரஞ்சு நிறத்துல கொத்துக் கொத்தா பூக்கும்.

தெற்குப் பக்கம் ஏரி இருக்கு, நடக்கத் தெம்பு இருந்தா போங்க, கூழைக்கடா, நீர்க்காகம் எல்லாம் பாக்கலாம். பூக்கடிகாரத்தை நான் சிபாரிசு பண்ண மாட்டேன், எண்பதுகள்ல வாட்ச் கம்பெனி வச்சுக் கொடுத்தது, பசங்களுக்குப் பிடிக்கும். பழைய புறாக்கூண்டு கட்டடம் வழியில வந்தா ஒரு பார்வை போதும். மேற்கு ஓரத்தைப் பாக்கும்போது ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க, 2009ல மெட்ரோ வேலைக்காக அந்தப் பக்கம் சுவரை இடிச்சு கொஞ்சம் இடத்தையும் மரங்களையும் எடுத்தாங்க, ஊர் ஜனங்க ரோட்டுல இறங்கி சண்டை போட்டாங்க, ஆனாலும் போச்சு. இப்ப அதே மெட்ரோவுலதான் நீங்க வந்து இறங்கப் போறீங்க, பச்சை லைன்ல லால்பாக்னே ஸ்டேஷன் இருக்கு, மேற்கு வாசல் பக்கம். அப்படி வந்தா நான் சொன்ன வரிசையைத் திருப்பிப் போட்டு, பாறையைக் கடைசியா வச்சுக்கோங்க, ஆனா வெயில் ஏறும் முன்னாடி அங்க போய்ச் சேர்ற மாதிரி கிளம்புங்க.

நேரம்னு கேட்டா வார நாள் காலை ஆறரைக்குள்ள உள்ள இருங்க. காலையில வாக்கிங் வர்றவங்களுக்கு டிக்கெட் கிடையாது, ஒன்பது மணிக்கு மேல வாங்கணும், கட்டணம் அப்பப்ப மாறும், போய்ப் பாத்துக்கோங்க. அப்பாவுக்கு நடக்க முடியலைன்னா பேட்டரி வண்டி உண்டு, கேட்லயே இன்னிக்கு ஓடுதான்னு கேட்டுட்டு நம்புங்க. டிபனை மெயின் கேட் பக்கம் மாவள்ளி டிபன் ரூம்ஸ்ல வச்சுக்கலாம், 1924ல இருந்து இருக்கிற கடை, ஞாயித்துக்கிழமைன்னா வரிசையிலேயே உங்க அரை நாள் போயிடும். கப்பன் பார்க் கூட இதைக் குழப்பிக்காதீங்க, ஆட்டோக்காரர் கிட்ட சரியா சொல்லுங்க, அது 1870ல போட்ட பார்க், ஊருக்கு நடுவுல இருக்கு, அழகுதான், ஆனா தாவரவியல் தோட்டம் கிடையாது.

கடைசியா செடி. தாராளமா வாங்கலாம், லால்பாக்லயே நர்சரிக்காரங்க கூட்டுறவு சங்கத்தோட விற்பனை இருக்கு, ஹாப்காம்ஸ்ங்கிற கூட்டுறவுக் கடையில பழமும் கிடைக்கும், மே ஜூன்ல வந்தா மாம்பழ மேளா போடுவாங்க. ஆனா பெங்களூர்ல பச்சைப்பசேல்னு நிக்கிற எல்லாத்தையும் சேலத்துக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க. அசேலியா, ஃபுக்சியா, கமேலியா மாதிரி குளிர் கேக்குறதெல்லாம் உங்க சித்திரை வெயில்ல ரெண்டு மாசம் தாங்காது, விக்கிறவர் எல்லா ஊர்லயும் வரும்னுதான் சொல்வார். செம்பருத்தி, இட்லிப்பூ, பிளுமேரியா, போகன்வில்லா, ஒட்டு மா, ஒட்டு சப்போட்டா, இதெல்லாம் தைரியமா எடுங்க. பெரிய செடியா எடுக்காம சின்ன பாக்கெட் கன்னா எடுங்க, ஒட்டுக் கன்னுன்னா ஒட்டுக்குக் கீழ துளிர் விட்டிருக்கான்னு பாருங்க, விட்டிருந்தா அதைக் கிள்ளிடச் சொல்லுங்க, இல்லைன்னா மேல ஒட்டின நல்ல வகையை அமுக்கிட்டு அதுதான் வளரும். வாங்கின அன்னிக்குத் தண்ணி ஊத்தி வடிய விட்டு, பாக்கெட்டை பேப்பர்ல சுத்தி அட்டைப்பெட்டியில நெருக்கமா நிக்க வைங்க, பஸ்ல டிக்கிக்குள்ள போடாதீங்க, அந்தச் சூட்டுல வெந்துடும், காலடியில வச்சுக்கோங்க. வீட்டுக்குப் போனதும் உடனே மண்ணுல நடாம ஒரு வாரம் பத்து நாள் நிழல்ல வச்சு, அப்புறம் காலை வெயில் மட்டும் காட்டி, அதுக்கப்புறம் நடுங்க.